நியூமோதோராக்ஸ்: ‘நுரையீரல் சரிவு’ போதுமா?

> ‘நுரையீரல் சரிவு’ என்றே வைத்துக்கொள்வோம். நீளம் என்றால் ‘மார்பு வாயு’.

ஐயா, நியூமோதோராக்ஸுக்கு, அதாவது மார்புக்குள் நுரையீரலுக்கு வெளியே காற்று சேரும் நோய்க்கு, நீங்கள் சொன்ன இந்தத் தமிழ்ப் பெயர்கள் இரண்டிலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது.

முதலில் ‘வாயு’. என் அக்கா மகனுக்கு 20 வயது, ஒல்லியான நெட்டை உடம்பு. ஒரு நாள் இடப்பக்க மார்பில் சுருக்கென்று குத்தியது. வாயுப்பிடிப்பு என்று ஓமத் தண்ணீர் கொடுத்தோம். மறுநாள் வலி குறைந்ததும் சரியாகிவிட்டது என்றே நம்பினோம். மாடிப்படி ஏறினால் மட்டும் மூச்சு வாங்கியது. நான்காம் நாள் எக்ஸ்ரேயில் பார்த்தால் இடது நுரையீரல் பாதிக்குமேல் சுருங்கிக் கிடக்கிறது! நுரையீரல் விரியாமலே இந்த வலி ஓரிரு நாளில் அடங்கிவிடுவதுண்டு என்று அப்புறம்தான் தெரிந்தது. இடப்பக்கம் வந்தால் சில சமயம் ஈசிஜியும் மாறி, மாரடைப்போ என்று மருத்துவரையே யோசிக்க வைக்கும். இப்படி ஆளை ஏமாற்றும் நோய்க்குப் பெயரிலும் ‘வாயு’ சேர்ந்தால், வீட்டில் மறுபடி ஓமத்தைத்தான் தேடுவார்கள்.

‘சரிவு’ வேறு சிக்கல். அட்டெலெக்டாசிஸையும் அப்படித்தான் சொல்கிறோம். அதில் சளி அடைத்தோ வேறு காரணத்தாலோ நுரையீரலின் ஒரு பகுதி காற்றில்லாமல் சுருங்குகிறது. மார்பைத் தட்டினால் ஒலி மந்தம். பெரிய அளவில் இருந்தால் மூச்சுக்குழல் அந்தப் பக்கமே இழுபடும். நியூமோதோராக்ஸில் காற்று நுரையீரலுக்கு வெளியே, அதன் இரண்டு உறைகளுக்கு நடுவே சேர்கிறது. தட்டினால் மத்தளம்போல் அதிரும்; அழுத்தம் ஏறினால் மூச்சுக்குழல் எதிர்ப்பக்கம் தள்ளப்படும். வைத்தியமும் வேறு வேறு. இரண்டுக்கும் ஒரே பெயர் கூடாது.

1803இல் பிரெஞ்சு மருத்துவர் இட்டார் உருவாக்கிய பெயருக்கு நேர்ப்பொருள் ‘மார்புக் காற்று’. மார்பில் காற்று இருப்பது இயல்புதானே, இடம் மாறியதுதான் நோய். ‘உறைக்காற்று’ என்று எண்ணிப் பார்த்தேன். ஒற்று விழுந்தால் ‘உறைகாற்று’, அதாவது குளிர்காற்று ஆகிவிடுகிறது. ஆகவே ‘நுரையீரல் புறக்காற்று’ என்று முன்வைக்கிறேன். அட்டெலெக்டாசிஸுக்குக் ‘காற்றொழிவு’.

———

> நுரையீரல் புறக்காற்று

நீளத்தைப் பார்த்துத்தான் நான் ‘வாயு’ என்றேன். உங்கள் அக்கா மகனுக்கு நேர்ந்ததைப் படித்தபின் ‘நுரையீரல்’ என்ற சொல்லை வெட்ட மனம் வரவில்லை. காற்றொழிவுக்கு முன்னாலும் அதைச் சேர்த்துவிடலாம்.

ஒன்று பாக்கி: டென்ஷன் நியூமோதோராக்ஸ், அதாவது சேர்ந்த காற்றின் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும் வகை. எக்ஸ்ரேக்குக் காத்திராமல் உடனே ஊசி குத்திக் காற்றை வெளியேற்ற வேண்டிய நிலை அது. ‘அழுத்தப் புறக்காற்று’ என்பதில் அந்த அவசரம் தெரியவில்லை. ‘நெரிக்கும் புறக்காற்று’ எப்படி இருக்கிறது?