வலென்சியாவில் மார்ச் மாதம்: தெருவை மூடி வெடி போடுவது நியாயமா?

ருசாஃபாவாசி | மார்ச் 16, காலை 9:40

இரவுப்பணி முடிந்து ஏழு மணிக்கு வந்து படுத்தேன். எட்டு மணிக்கு ஜன்னலுக்குக் கீழே பேண்டு வாத்தியம். கூடவே ஒரு கூட்டம். பெரியவர், சிறியவர் எல்லாரும் தோளில் தொங்கும் பைக்குள் கைவிட்டு, நம் ஊர் வெங்காய வெடி மாதிரி ஒன்றை எடுத்துத் தரையில் அடித்துக்கொண்டே போகிறார்கள். இதற்குப் பெயர் தெஸ்பெர்த்தா, அதாவது எழுப்பிவிடுதல். யாரை வேண்டுமானாலும் எழுப்பட்டும், என்னை ஏன்?

ஸ்பெயினின் வலென்சியாவில், ருசாஃபா பேட்டைக்குக் குடிவந்து இது மூன்றாவது மார்ச். ஃபாயாஸ், அதாவது தெருச்சந்தியில் பெரிய பொம்மைகளை நிறுத்தி எரிக்கும் விழா, 15 முதல் 19 வரை ஐந்து நாள் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். மார்ச் 1 முதலே தினமும் பகல் இரண்டு மணிக்கு நகராட்சிச் சதுக்கத்தில் மஸ்கிளெத்தா என்ற பகல்நேர வெடிச்சரம். அப்புறம் தெருவை அடைத்துக் கூடாரம். பஸ் வேறு வழியாகச் சுற்றிப் போகிறது. கூடாரத்தில் விடியற்காலை வரை பாட்டு. அரசு விடுமுறை என்று பார்த்தால் 19ஆம் தேதி, புனித ஜோசப் நாள், அது ஒன்றுதான். ஒரு நாள் விடுமுறைக்கு மூன்று வாரம் ஊரையே கட்டிப்போடுவது நியாயமா? இங்கே இருப்பவர்கள், இருந்தவர்கள் சொல்லுங்கள்.

குண்டூசி | காலை 10:05

மீன் மார்க்கெட்டை ஒட்டி வீடு பிடித்துவிட்டு மூக்கைப் பொத்துகிறீர்கள். வலென்சியாவில் எத்தனையோ பேட்டை இருக்கிறது. விளக்கு அலங்காரத்துக்கே பேர்போன ருசாஃபாவில்தான் வாடகைக்கு இருப்பேன் என்றால் யார் என்ன செய்வது?

புளியோதரை | காலை 11:30

எட்டு வருடமாக ஒரு கசாலில் உறுப்பினராக இருக்கிறேன், அதனால் நான் நடுநிலை இல்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கசால் என்பது பேட்டைச் சங்கத்தின் கூடம். இந்த நகரத்தில் இப்படி முந்நூறுக்கும் மேற்பட்ட சங்கங்கள். ஒவ்வொன்றும் பெரியவர்களுக்கு ஒரு ஃபாயா (எரிப்பதற்கென்றே செய்யும் பொம்மைக் கோபுரம்), குழந்தைகளுக்கு ஒரு சின்ன ஃபாயா என்று சந்தியில் நிறுத்தும். செலவில் ஒரு பங்கை நகராட்சி தருகிறது. மீதி எங்கள் மாதச் சந்தா, லாட்டரிச் சீட்டு விற்பது, கூடத்தில் சாப்பாடு போடுவது என்று வருடம் முழுக்கச் சிறுகச் சிறுகச் சேர்ப்பது. போன நவம்பரில் மழையில் நின்று சீட்டு விற்றேன். அப்போது எங்களை யாரும் கண்டுகொள்ளவில்லை.

நேற்று ராத்திரி எங்கள் ஃபாயாவை நிறுத்தினோம். தெருவின் தார் உருகாமலிருக்க முதலில் மணல் பரப்ப வேண்டும். அதன்மேல் அடித்தளம், அப்புறம் கிரேன் ஒவ்வொரு துண்டாகத் தூக்கி வைக்கும். பின்னிரவில் நடு உருவத்தின் தலை வந்து உட்கார்ந்தபோது, எழுபது வயதுத் தச்சர் ஒருவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். 19ஆம் தேதி ராத்திரி அதை எரித்துவிடுவோம் என்று அவருக்கும் தெரியும்.

தச்சர்கள் புனித ஜோசப் நாளுக்கு முந்தின இரவு, குளிர்காலத்தில் விளக்குத் தொங்கவிட்ட மரக்கட்டையையும் பட்டறைக் கழிவையும் தெருவில் போட்டு எரித்தார்கள், அதற்குப் பழைய துணி மாட்டிப் பக்கத்து வீட்டுக்காரனைப் போலச் செய்து கிண்டலடித்தார்கள், அதிலிருந்து வந்ததுதான் ஃபாயா என்பார்கள். அந்தக் கிண்டல் இன்றும் போகவில்லை. எந்தக் கட்சி ஆண்டாலும் மேயர் பொம்மை சந்தியில் நிற்கும்.

ருசாஃபாவாசி | பகல் 12:10

பொம்மைகளை நான் குறை சொல்லவே இல்லையே! நினோத் (ஃபாயாவில் நிற்கும் பொம்மை) கண்காட்சிக்கு மகளை அழைத்துப்போய் ஓட்டே போட்டுவிட்டு வந்தேன். (மக்கள் ஓட்டில் ஜெயிக்கும் நினோத் தீயிலிருந்து தப்பித்து அருங்காட்சியகத்துக்குப் போகும். 1934இல் முதன்முதலாகத் தப்பியது ஒரு பாட்டியும் பேத்தியும்.) என் சண்டை கூடாரத்தோடு. எங்கள் தெருவில் விடியற்காலை நான்கு மணி வரை ஒலிபெருக்கி. தச்சர் காலத்தில் டிஜே இருந்தாரா?

இன்னொன்று, புகை. முன்னே மரமும் அட்டையும் காகிதக்கூழும். இப்போது பெரும்பாலும் தெர்மாகோல். போன வருடம் எரித்தபோது எழுந்த கறுப்புப் புகையைப் பார்த்து, பால்கனியில் காயப்போட்ட துணியை எடுக்க ஓடினேன்.

தோசைக்கல் | பகல் 12:25

யுனெஸ்கோ 2016இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபு என்று பட்டியலில் சேர்த்த விழா இது. சும்மா ‘சத்தம்’ என்று சொல்லிவிட்டுப் போக முடியாது.

ருசாஃபாவாசி | பகல் 12:27

யுனெஸ்கோ எங்கள் தெருவில் குடியிருக்கவில்லை.

கணக்குப்பிள்ளை | பகல் 1:15

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். முதல் பதிவில் விடுமுறைக் கணக்கு வந்ததால் எழுதுகிறேன். எனக்கு வெடியைவிட இதுதான் பெரிய தலைவலி.

ஸ்பெயினில் தொழிலாளர் சட்டப்படி வருடத்துக்கு அதிகபட்சம் 14 சம்பள விடுமுறை நாட்கள். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, மே 1, அக்டோபர் 12 எல்லாம் நாடு முழுவதற்கும் பொது. சிலவற்றை மாநிலம் மாற்றிக்கொள்ளலாம். ஜோசப் நாள் அப்படித்தான், மாட்ரிட்காரர்களுக்குச் சில வருடம் கிடைக்கும், சில வருடம் கிடைக்காது. கடைசி இரண்டு நாள் அந்தந்த ஊருக்கு. வலென்சியா நகரம் அந்த இரண்டையும் விசென்தே என்ற பெயருள்ள இரண்டு புனிதர்களுக்குக் கொடுத்திருக்கிறது: ஜனவரி 22 வேதசாட்சி சான் விசென்தே, ஈஸ்டருக்கு அடுத்த வாரத் திங்கட்கிழமை சான் விசென்தே ஃபெர்ரேர். 2026இல் அது ஏப்ரல் 13.

வினை எங்கே என்றால், ஊர் விடுமுறை வேலை செய்யும் இடத்தைப் பொறுத்தது, குடியிருக்கும் இடத்தை அல்ல. எனக்கு வீடு வலென்சியாவில், வேலை பக்கத்து ஊர் பத்தெர்னாவில். ஜனவரி 22 அன்று மகனுக்குப் பள்ளி இல்லை, மனைவிக்கு அலுவலகம் இல்லை, எனக்கு உண்டு. மாடிப்படியில் இறங்கும்போது பக்கத்து வீட்டு அம்மா பைஜாமாவோடு வந்து, “இன்று எங்கே கிளம்பிவிட்டாய்?” என்று வருடாவருடம் கேட்பார். பத்தெர்னாவின் ஊர் விடுமுறையில் நான் வீட்டில் இருப்பேன், அன்றைக்கு வீட்டில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.

ஆகவே ருசாஃபாவாசி, தெரு மூடுவதைப் பேசுங்கள், ஆனால் ‘ஒரு நாள் விடுமுறைக்கு மூன்று வாரமா’ என்ற வாதம் நிற்காது. விழாவும் விடுமுறையும் வேறு வேறு. கூட்டம் வருவது விடுமுறைக்காக இல்லை.

குண்டூசி | பகல் 1:22

2025இல் விசென்தே ஃபெர்ரேர் நாள் ஏப்ரல் 28இல் வந்தது. தீவுகள் தவிர ஸ்பெயின் முழுக்க மின்சாரம் போன அதே நாள். நாடே லிஃப்ட்டிலும் ரயிலிலும் மாட்டிக்கொண்டிருந்தபோது வலென்சியாக்காரன் லீவில் வீட்டில் உட்கார்ந்திருந்தான். புனிதர் கைவிடவில்லை.

புளியோதரை | பகல் 1:50

அந்த விழாவை இங்கே யாரும் பேசுவதே இல்லை, அதனால் ஒரு வார்த்தை. விசென்தே ஃபெர்ரேர் 1350இல் இந்த ஊரில் பிறந்த பிரசங்கி. அவர் பெயரில் தெருவில் பலிபீடம் கட்டி, அதன்மேல் சின்னப் பிள்ளைகள் அவருடைய அற்புதங்களை வலென்சிய மொழியில் நாடகமாக நடிப்பார்கள். பெயர் மிலாக்ரே. பிரசங்கத்தின் நடுவே கைக்குட்டையைக் காற்றில் வீசி, “இது எந்த வீட்டில் விழுகிறதோ அங்கே போய் உதவுங்கள்” என்றாராம். அந்தக் கைக்குட்டையின் பெயரில் இன்றும் ஒரு சின்னச் சதுக்கம் உண்டு. டிஜே இல்லை. ருசாஃபாவாசி, ஏப்ரலில் வாருங்கள், நானே காட்டுகிறேன்.

மஞ்சள்சேலை | பகல் 2:20

இப்போதுதான் மஸ்கிளெத்தா பார்த்துவிட்டு வந்தேன், காது இன்னும் அடைத்திருக்கிறது. பால்கனியிலிருந்து ஃபாயேரா மயோர் (அந்த வருட விழா ராணி), “வெடிக்காரரே, தொடங்கலாம்” என்று சொன்னதும் கூட்டம் அமைதியாகிவிடுகிறது பாருங்கள், அந்த ஒரு நொடி பிடிக்கும். அதற்கப்புறம் வருவது கண்ணுக்கானது இல்லை. பட்டப்பகலில் வெறும் புகைதான் தெரியும். கடைசியில் அந்த ‘நிலநடுக்கம்’ வரும்போது செருப்பின் அடியிலிருந்து நெஞ்சு வரைக்கும் ஏறும். 120 டெசிபல் என்கிறார்கள், வாயைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்கிறார்கள்.

ஆனாலும் நான் ருசாஃபாவாசி பக்கம். அக்டோபர் 9ஐப் பாருங்கள். 1238இல் முதலாம் ஜாவுமே மன்னன் ஊருக்குள் நுழைந்த நாள், மாநில விடுமுறை. நகராட்சிக் கொடியை வாசல் வழியாகக் கொண்டுவந்தால் தலைகுனிய வேண்டியிருக்கும் என்று பால்கனியிலிருந்து செங்குத்தாக இறக்குவார்கள். வீட்டில் கணவன் மனைவிக்குப் பாதாம் மாவில் செய்த குட்டிப் பழங்களைப் பட்டுக்குட்டையில் முடிந்து கொடுப்பான். என் வீட்டுக்காரர் முதல் வருடம் பிளாஸ்டிக் பையில் வாங்கிவந்து வாங்கிக்கட்டிக்கொண்டார். ஒரு நாள், அழகு, ராத்திரி தூங்கலாம். விழா என்றால் அப்படி இருக்கட்டுமே?

குண்டூசி | பகல் 2:31

அக்கா, அக்டோபர் 9க்கும் மஸ்கிளெத்தா உண்டு, முந்தின ராத்திரி வாணவேடிக்கையும் உண்டு. அந்தக் குட்டையில் பழங்களோடு நீளமாக ஒன்று, உருண்டையாக ஒன்று இருக்குமே, அது என்ன? பியுலேத்தா, திரொனதோர். இரண்டும் வெடியின் உருவம். 1707க்கு அப்புறம் மன்னன் ஐந்தாம் ஃபிலிப் வெடி போடக்கூடாது என்று தடுக்க, மிட்டாய்க் கடைக்காரர்கள் மாவிலேயே வெடி செய்தார்கள் என்பது ஊர்க்கதை. தடுத்தால் தின்றாவது தீர்ப்பான்.

மஞ்சள்சேலை | பகல் 2:34

🙄 சரி, ஒத்துக்கொள்கிறேன்.

அரைத்தூக்கம் | மாலை 4:05

என் நாய்க்கு வயது பதினொன்று. 1ஆம் தேதியிலிருந்து குளியலறைத் தொட்டிக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது, சாப்பாடும் அங்கேதான். 14ஆம் தேதியே தெருவெல் மலைப்பக்கம் வந்துவிட்டோம். இங்கே பக்கத்து அறைகளில் பேச்சுக் கொடுத்தால் பாதிப்பேர் வலென்சியாக்காரர்கள், இரண்டு பேர் ருசாஃபாவில் பிறந்து வளர்ந்தவர்கள். ‘வெளியூர்க்காரர்தான் புலம்புகிறார்’ என்பது பொய் என்று பதிவு செய்துகொள்கிறேன். அவர்களில் ஒரு பாட்டி ஃபாயேரா உடை, அதாவது இந்த விழாவுக்குப் பெண்கள் உடுத்தும் பாரம்பரிய உடை, வைத்திருக்கிறாராம், சில ஆயிரம் யூரோ மதிப்பு. 17ஆம் தேதி மட்டும் ஊருக்குப் போய், அதை உடுத்திக்கொண்டு மாதாவுக்குப் பூ வைத்துவிட்டு, அன்றைக்கே மலைக்குத் திரும்பிவிடுவாராம்.

தோசைக்கல் | மாலை 6:40

ஒழுங்குபடுத்துகிறேன் என்று ஆரம்பித்தால் எங்கே போய் முடியும் என்பதற்கு இதே ஊரில் உதாரணம் உண்டு. 1880களில் நகராட்சி ஃபாயா நிறுத்த வரி போட்டது. 1885இல் அது 60 பெசேத்தா (ஸ்பெயினின் பழைய நாணயம்). 1886இல் ஊரில் ஒரு ஃபாயா கூட நிற்கவில்லை. எதிர்ப்புக்கு அப்புறம்தான் வரியைக் குறைத்தார்கள். இன்று ‘கூடாரத்துக்கு நேரக் கட்டுப்பாடு’ என்பார்கள், நாளை ‘தீக்கு உரிமம்’ என்பார்கள்.

ருசாஃபாவாசி | மாலை 7:15

60 பெசேத்தா வரியும், “நாலு மணிக்குப் பதில் ரெண்டு மணிக்கு நிறுத்து” என்பதும் ஒன்றா? நேரத்தை மாற்றவே முடியாது என்றால், முன்னெல்லாம் நள்ளிரவில் எரித்ததை இப்போது ராத்திரி பத்து மணி வாக்கிலேயே எரிக்கிறார்களே, அது எப்படி? 2020இல் மார்ச் 10 அன்று விழாவையே நிறுத்திவிட்டு, சதுக்கத்தில் தியானத்தில் உட்கார்ந்திருந்த பெண் பொம்மைக்கு முகக்கவசம் மாட்டினார்கள். 2021இல் செப்டம்பருக்கு மாற்றிக் கொண்டாடினார்கள். ஜோசப் கோபித்துக்கொள்ளவில்லையே.

புளியோதரை | மாலை 7:40

செப்டம்பர் ஃபாயாஸில் நான் இருந்தேன். எரிந்தது, அழுதோம், ஆனால் அது மார்ச் இல்லை. ஆரஞ்சு மரம் பூக்கத் தொடங்கும் நேரத்தில், கொஞ்சம் குளிரில், பரங்கிக்காய் போட்டுப் பொரித்த புன்யுவேலோ பலகாரத்தைச் சுடச்சுடச் சாக்லேட்டில் தோய்த்துத் தின்றுகொண்டே நிற்க வேண்டும். செப்டம்பர் வெயிலில் அது இறங்கவே இல்லை.

ஆனால் நேரம் மாறும் என்ற உங்கள் வாதம் சரிதான். கூடாரத்தால் எங்கள் கசாலிலேயே சண்டை. வயதானவர்கள் எல்லாம் உங்கள் பக்கம். நான்கு மணி வரை ஆடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் எங்கள் உறுப்பினர்களே இல்லை, வழியில் வந்தவர்கள். பாட்டிலைப் பொறுக்குவது மட்டும் நாங்கள். தெர்மாகோலிலும் உங்களோடு உடன்படுகிறேன், மரச்சட்டத்துக்குத் திரும்பிய கலைஞர்கள் இருக்கிறார்கள், விலைதான் இடிக்கிறது.

ருசாஃபாவாசி | இரவு 8:02

அப்படியென்றால் எங்கள் குடியிருப்பில் ஒரு மனு சுற்றுகிறது: பேட்டைக் கூடாரங்களில் பாட்டு இரண்டு மணியோடு நிற்க வேண்டும், தெஸ்பெர்த்தா ஒன்பதுக்குத் தொடங்க வேண்டும். கையெழுத்துப் போடுவீர்களா?

புளியோதரை | இரவு 8:05

முதல் பாதிக்குப் போடுகிறேன்.

ருசாஃபாவாசி | இரவு 8:06

இரண்டாவது?

புளியோதரை | இரவு 8:06

எட்டு மணி.

ருசாஃபாவாசி | இரவு 8:07

எட்டரை.

புளியோதரை | இரவு 8:09

எட்டு. 19ஆம் தேதி ராத்திரி வாருங்கள், தீயணைப்பு வண்டிக்கு எதிரில் இடம் பிடித்து வைக்கிறேன். பக்கத்துக் கட்டடத்துக்குத் தண்ணீர் அடிக்கும்போது, கூட்டத்தோடு சேர்ந்து அவர்களைத் திட்டினால் நம்மேலும் அடிப்பார்கள். மகளுக்கு மாற்றுத்துணி எடுத்துவாருங்கள்.

ருசாஃபாவாசி | இரவு 8:15

வருகிறோம். எட்டேகால்?