கடலோரக் காடு மீட்டுக் கார்பன் சேமிக்கும் அரசுத் திட்டங்கள்: நாற்றுக் கணக்கைத் தவிர வேறு என்ன பார்க்க வேண்டும்?

கேள்வி: கழிமுகம்

பல நாட்டு அரசுகள் இப்போது அலையாத்திக் காடு, உவர்ச் சதுப்பு, கடற்புல் படுகை மூன்றையும் காலநிலைக் கொள்கைக்குள் கொண்டுவந்துவிட்டன. 2024க்குள் 6 லட்சம் ஹெக்டேர் அலையாத்தியை மீட்போம் என்று இந்தோனேசியா இலக்கு வைத்தது. இந்தியா 2023 பட்ஜெட்டில் மிஷ்டி என்ற அலையாத்தி வளர்ப்புத் திட்டத்தை அறிவித்து, ஐந்து ஆண்டில் சுமார் 540 சதுர கிலோமீட்டர் என்றது. நல்ல விஷயம்தான், ஆனால் எந்த அறிக்கையைப் படித்தாலும் எத்தனை ஹெக்டேர், எத்தனை லட்சம் நாற்று என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. "நிலத்துக் காட்டை விடப் பல மடங்கு கார்பன்" என்ற ஒரே வரியை எல்லோரும் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள், உண்மையில் எவ்வளவு சேர்ந்தது, யார் அளந்தார்கள் என்று தேடினால் கையில் ஒன்றும் சிக்குவதில்லை.

நட்டால் போதுமா? கொள்கை எழுதும் இடத்தில் நீங்கள் இருந்தால் முதல் பணத்தை எதில் போடுவீர்கள்? இயற்கையைக் காப்போம் மாதிரியான பதில்கள் வேண்டாம், அவை எனக்கே தெரியும்.

பதில்: சேற்றுநண்டு

முதல் பணத்தை நடுவதில் போட மாட்டேன், ஏற்கெனவே இருப்பதை அழிக்காமல் பார்ப்பதில் போடுவேன். காரணம் மரத்தில் இல்லை, மரத்துக்குக் கீழே இருக்கிற சேற்றில் இருக்கிறது.

2011ல் இந்தோ-பசிபிக் அலையாத்திகளை அளந்து வெளிவந்த ஆய்வு ஒன்று ஹெக்டேருக்குச் சராசரியாக 1,023 டன் கார்பன் என்றது. அதில் இடத்தைப் பொறுத்து 49 முதல் 98 சதவீதம் வரை மண்ணில் இருந்தது. எப்போதும் நீர் கோத்துக் கிடக்கும் சேற்றுக்குள் ஆக்ஸிஜன் இறங்காது, அதனால் வேரும் இலையும் முழுதாக மக்காமல் அப்படியே தங்கிவிடும். அதன் மேல் ஒவ்வொரு ஓதமும் (கடல் நீரேற்றமும்) புது வண்டலைக் கொண்டுவந்து மூடும். கடல் மட்டம் மெதுவாக ஏறினால் தரையும் கூடவே ஏறும், எனவே பாத்திரம் நிரம்பிவிட்டது என்ற நிலையே சீக்கிரம் வராது.

இப்போது இதைத் தலைகீழாக யோசியுங்கள். பழைய காட்டை வெட்டி, ஒரு மீட்டர் தோண்டி இறால் குளம் ஆக்கினால், நூற்றாண்டுகளாகக் காற்றுப் படாமல் கிடந்த சேறு வெளியே வந்து எரிவது போல் கார்பன் டை ஆக்சைடாகப் போகும். கடலோரச் சூழல்கள் அழிவதால் ஆண்டுக்கு 15 கோடி முதல் 102 கோடி டன் வரை கார்பன் டை ஆக்சைடு வெளியேறலாம் என்று 2012ல் ஒரு மதிப்பீடு வந்தது. வீச்சு பெரிதுதான், ஆனால் அதன் கீழ் எல்லையே சின்னத் தொகை இல்லை. ஒரு ஹெக்டேர் போனதை ஒரு ஹெக்டேர் நட்டு ஈடுகட்டினோம் என்று கணக்கு எழுதும் அரசு, முன்னூறு ஆண்டுச் சேற்றையும் மூன்று மாத நாற்றையும் ஒரே தட்டில் வைக்கிறது. "வெட்டுவதற்கு ஈடாக நடலாம்" என்று அனுமதி தரும் விதி இருக்கிற வரை மற்றதெல்லாம் அலங்காரம்.

அடுத்தது, நடும் இடம். அலையாத்தி கடல் மரம் என்று நினைத்து ஆட்கள் நீருக்குள் கொண்டுபோய் நடுகிறார்கள். அது பெரும்பாலும் சராசரிக் கடல் மட்டத்துக்கு மேலே, மொத்த நேரத்தில் ஏறக்குறைய 30 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ நீர் நிற்கும் நிலப்பட்டையில்தான் நிலைக்கும். அதற்கும் கீழே உள்ள சேற்றுப் பரப்பில் மரம் இல்லை என்றால் அங்கே வளராது என்பதுதான் காரணம், யாரும் நடாததால் இல்லை. பிலிப்பைன்ஸில் இருபது ஆண்டுக்கு மேல் பெரும் பணம் செலவழித்தும் நீண்ட காலம் பிழைத்தவை 10 முதல் 20 சதவீதம்தான். இலங்கையில் சுனாமிக்குப் பிறகு நட்ட 23 இடங்களை ஆராய்ந்த அறிக்கை 2017ல் வந்தது: ஒன்பது இடங்களில் ஒரு செடி கூட மிஞ்சவில்லை, கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு மூன்றில் மட்டும் பாதிக்கு மேல் பிழைத்திருந்தன.

பதில்: வரப்புவெட்டி

மேலே சேற்றுநண்டு சொன்னது சரி, ஆனால் அது அதிகாரிகளுக்குத் தெரியாததால் நடக்கிறது என்று நினைக்க வேண்டாம். தெரிந்தும் தப்பான இடத்தில்தான் நடுகிறார்கள், ஏனென்றால் சரியான இடத்துக்கு யாராவது சொந்தம் கொண்டாடுகிறார்கள்.

அலையாத்தி நன்றாக வளரும் அந்த மேல் பட்டையைத்தான் இறால் பண்ணை, உப்பளம், நெல், ரிசார்ட் எல்லாம் பிடித்து வைத்திருக்கின்றன. பட்டா, குத்தகை, வழக்கு, வங்கிக் கடன் எல்லாம் அதன் மேல் இருக்கும். அதைத் திரும்ப வாங்க ஒரு துறையால் முடியாது, வருவாய்த் துறை, மீன்வளம், வனம், பொதுப்பணி எல்லாம் ஒரு மேசைக்கு வர வேண்டும். நீர் வற்றும்போது தெரியும் சேற்றுப் பரப்போ யார் பெயரிலும் இல்லை, அங்கே நட ஒரு கையெழுத்து போதும். இலக்கு ஹெக்டேரில், காலக்கெடு மார்ச்சில் என்றால் எந்த அதிகாரியும் எங்கே போவார்? பல சமயம் அந்தச் சேற்றுப் பரப்பு கடற்புல் படுகையாகவோ பறவைகள் மேயும் இடமாகவோ இருக்கும், ஒரு கார்பன் கிடங்கைக் கெடுத்து இன்னொன்றைத் தொடங்கிய கதையாகிறது. இந்தோனேசியாவின் 6 லட்சம் ஹெக்டேரையே எடுத்துக்கொள்ளுங்கள், நீரோட்டம், நில உரிமை, இப்போதைய பயன்பாடு எல்லாம் பார்த்து உண்மையில் மீட்கத் தோதானது சுமார் 1.93 லட்சம் ஹெக்டேர்தான் என்று 2023ல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். இலக்கு முதலில் வந்தது, நிலம் பிறகு தேடப்பட்டது.

எனக்குப் பிடித்த விதி ஆஸ்திரேலியாவுடையது. 2022ல் கொண்டுவந்த ஓத மீட்பு முறைப்படி, நாற்று நட்டதற்காக அங்கே கார்பன் கிரெடிட் (சேமித்த டன்னுக்குக் கிடைக்கும், விற்கக்கூடிய சான்று) கிடையாது. கடல் நீரைத் தடுத்து வைத்திருக்கும் கரை, மதகு, வடிகால் தடுப்பை எடுத்தோ மாற்றியோ ஓதத்தை உள்ளே விட வேண்டும், அதற்குத்தான் கிரெடிட். தண்ணீர் வந்தால் விதை தானே மிதந்து வரும். பக்கத்து நிலத்தில் தண்ணீர் ஏறினால் யார் பொறுப்பு, நிலச் சொந்தக்காரர் ஒப்புதல் உண்டா என்ற விஷயங்களை எல்லாம் திட்டம் தொடங்கும் முன்பே தீர்த்தாக வேண்டும். சள்ளை பிடித்த வேலை, அதனால்தான் மெதுவாக நகர்கிறது. ஆனால் நகர்ந்த இடத்தில் நிற்கும்.

நடுவது எப்போதுமே வீண் என்று சொல்லவில்லை. விதை வர வழியே இல்லாத அளவு சுற்றிலும் அழிந்துபோன இடத்தில் நட்டுத்தான் ஆக வேண்டும். பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் பழைய காலத்து மொத்த வெட்டலால் தரை அமிழ்ந்து, நீர் தேங்கி, உப்பு ஏறிப்போன பகுதிகளில் முதலில் மீன் முள் மாதிரி கிளைக் கால்வாய்கள் வெட்டி ஓதம் வந்து போக வழி செய்தார்கள், அதற்குப் பிறகுதான் வெண்கண்டல் நட்டார்கள். அந்த வரிசைதான் முக்கியம். டெண்டரில் கால்வாய் வெட்டுவதற்கும் அடுத்தடுத்த ஆண்டுகளில் தூர் எடுப்பதற்கும் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள், திட்டம் எப்படிப் போகும் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

பதில்: கணக்கன்

எல்லாம் சரி, அளவைக் கொஞ்சம் பார்ப்போம். அலையாத்தி, சதுப்பு, கடற்புல் மூன்றையும் உலகம் முழுக்க முடிந்த உச்சம் வரை மீட்டாலும் 2030 வாக்கில் ஆண்டுக்குச் சுமார் 84 கோடி டன் கார்பன் டை ஆக்சைடு, அதாவது உலக உமிழ்வில் 3 சதவீதம் மாதிரிதான் வரும் என்று 2021ல் மதிப்பிட்டார்கள். அதுவும் உச்சம், நடக்கப்போவது அதில் ஒரு துண்டு. அலை, புயலைத் தடுக்கவும் மீன் குஞ்சுக்காகவும் காட்டை மீட்டால் நான் கைதட்டுவேன். அதைக் கிரெடிட்டாக விற்று ஓர் அனல் மின் நிலையம் இன்னும் இருபது ஆண்டு புகைக்க அனுமதிச் சீட்டு ஆக்கினால் மொத்தத்தில் நட்டம், ஏனென்றால் அங்கே வெளியேறியது நிச்சயம், இங்கே சேர்ந்தது அனுமானம்.

இன்னொன்று, ஒரே டன்னை இரண்டு பேர் கணக்கில் எழுதுவது. அரசு தன் பாரிஸ் உறுதிமொழியில் எழுதும், அதே டன்னைக் கம்பெனிக்கும் விற்கும். விற்றதைத் தன் கணக்கிலிருந்து கழிக்க வேண்டும் என்று பாரிஸ் ஒப்பந்தத்தின் 6ஆம் பிரிவு விதிகள் சொல்கின்றன, நாடுகளுக்கு இடையே கைமாறும் கிரெடிட்டுக்கு அது பொருந்தும். உள்ளூர்ச் சந்தையில் தன் விருப்பப்படி வாங்குபவர்கள் விஷயத்தில் பெரிய ஓட்டை இருக்கிறது. ஈரநிலங்களைத் தேசிய உமிழ்வுக் கணக்கில் சேர்க்க ஐபிசிசி (ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு) 2013லேயே வழிகாட்டி கொடுத்துவிட்டது. சேர்த்தால் நட்டதோடு அழித்ததும் கணக்கில் வந்து நிற்கும், அதனாலோ என்னவோ பல அரசுகளுக்கு அவசரம் இல்லை.

கழிமுகம்

நன்றி, எதிர்பார்த்ததை விட நிறையக் கிடைத்தது. சதுப்பு என்றாலே மீத்தேன் வருமே, அதுவும் வெப்பமூட்டும் வாயுதானே, அது சேமித்த கார்பனைத் தின்றுவிடாதா? இரண்டாவது, ஆற்றில் அடித்து வரும் வண்டலோடு வந்த கார்பனையும் "நாங்கள் சேமித்தது" என்று எழுதுகிறார்களா?

பதில்: சேற்றுநண்டு

மீத்தேன் உப்பைப் பொறுத்தது. கடல் நீரில் சல்பேட் நிறைய இருக்கிறது, அதை வைத்துப் பிழைக்கும் நுண்ணுயிர்கள் மீத்தேன் உண்டாக்குபவற்றுக்கு உணவு கிடைக்காமல் செய்துவிடும். ஆயிரத்துக்கு 18 பங்குக்கு மேல் உப்பு இருந்தால் மீத்தேன் பெரிதாக வராது என்பது பொதுவாக எடுத்துக்கொள்ளும் அளவு. நல்ல தண்ணீர் கலக்கும் கழிமுகத்தின் மேல் பகுதியில் நிலைமை வேறு, அங்கே அளக்காமல் பேசக்கூடாது. வரப்பு போட்டுக் கடலைத் தடுத்ததால் நல்ல தண்ணீர் தேங்கிக் கிடக்கும் நிலங்கள் மீத்தேனை நன்றாகவே விடும், அங்கே உப்பு நீரைத் திரும்ப விட்டால் காடு வளர்வதற்கு முன்பே லாபம் தொடங்கிவிடும். இது கொள்கை எழுதுபவர்கள் அதிகம் கண்டுகொள்ளாத விஷயம்.

வண்டல் கார்பனைப் பற்றி நல்ல கேள்வி கேட்டீர்கள். ஒழுங்கான கணக்கீட்டு முறைகள் வெளியிலிருந்து வந்த பங்கைக் கழிக்கச் சொல்கின்றன, ஏனென்றால் அது இங்கே வராவிட்டாலும் வேறெங்காவது படிந்திருக்கலாம். கழிக்காத திட்டத்தின் எண் அழகாக இருக்கும்.

பதில்: வலைஞர்

நீங்கள் எல்லோரும் டன் கணக்குப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள், அந்தச் சேற்றில் நண்டும் மட்டியும் பொறுக்குபவர்களை யாரும் சொல்லவில்லை. மீட்புத் திட்டம் என்ற பெயரில் வேலி வந்தால் முதலில் வெளியே நிற்பது அவர்கள்தான், அதுவும் பெரும்பாலும் பெண்கள். வெளியே நிறுத்தப்பட்டவர்கள் அந்தக் காட்டைக் காவல் காக்க மாட்டார்கள். ஒழுக்கம் பற்றிய பேச்சு இல்லை இது, காவல் இல்லாமல் கார்பன் நிற்காது.

கென்யாவின் காசி விரிகுடாவில் மிகோகோ பமோஜா என்ற திட்டம் 2013 முதல் நடக்கிறது. சின்னதுதான், 117 ஹெக்டேர், ஆண்டுக்குச் சுமார் 3,000 டன் கார்பன் டை ஆக்சைடு. காடு அரசுக்குச் சொந்தம், ஆனால் ஊர் மக்கள் சங்கத்தோடு அரசு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. விற்ற பணம் குடிநீருக்கும் பள்ளிக்கும் போகிறது. விறகுக்காகப் பக்கத்துக் காட்டுக்குப் போகாமல் இருக்க ஊருக்கு உள்ளே சவுக்கும் நட்டார்கள். அரசு சட்டத்தில் ஊர்ச் சங்கத்துக்கு இடம் கொடுக்காமல் இருந்திருந்தால் இதில் ஒன்றும் நடந்திருக்காது. உங்கள் நாட்டுத் திட்ட ஆவணத்தை எடுத்து அதில் "பயனாளி" என்று இருக்கிறதா, "உரிமை" என்று இருக்கிறதா என்று ஒரு தடவை தேடிப் பாருங்கள்.

கழிமுகம்

கடற்புல் பற்றி யாரும் சொல்லவில்லையே, அதை எப்படி மீட்பது? அதுவும் நடுகைதானா?

பதில்: வரப்புவெட்டி

விதை தூவி வெற்றி கண்ட இடம் உண்டு, அமெரிக்காவில் வர்ஜீனியாக் கடற்கரை. 1930களில் நோயும் புயலும் சேர்ந்து அழித்த படுகையை 7 கோடிக்கு மேற்பட்ட விதைகளைத் தூவி இருபது ஆண்டில் சுமார் 3,600 ஹெக்டேருக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே தண்ணீர் ஏற்கெனவே தெளிவாக இருந்தது, விதைதான் இல்லை.

பெரும்பாலான இடங்களில் பிரச்சினை அதற்கு நேர் எதிர், கழிவு நீரில் வரும் நைட்ரஜனால் பாசி பெருத்து, வெயில் கீழே போகாமல் புல் செத்துப்போகிறது. ஃபுளோரிடாவின் டாம்பா விரிகுடாவில் முக்கியமாகச் செய்தது கழிவு நீரைச் சுத்திகரித்து நைட்ரஜனைக் குறைத்ததுதான், 2014ல் தங்கள் இலக்கான 38,000 ஏக்கரைத் தாண்டிவிட்டார்கள். ஆக, கடற்புல் கொள்கை என்பது பாதிக்கு மேல் சாக்கடைக் கொள்கை, அந்தப் பணம் நகராட்சி பட்ஜெட்டில் இருக்கும், வனத்துறையிடம் தேடினால் கிடைக்காது.

ஆனால் 2016க்குப் பிறகு அங்கே மறுபடியும் புல் குறையத் தொடங்கியது. இதை நினைவில் வைத்துக்கொண்டு கிரெடிட் ஒப்பந்தங்களில் நிலைப்புக் காலம் (சேமித்த கார்பன் எத்தனை ஆண்டு அங்கேயே இருக்க வேண்டும்) என்ற பத்தியைப் படியுங்கள். ஆஸ்திரேலியாவில் 25 ஆண்டு அல்லது 100 ஆண்டு என்று தேர்ந்தெடுக்கலாம், 25ஐத் தேர்ந்தெடுத்தால் கிடைக்கும் கிரெடிட்டில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்வார்கள். வெளியேறியது நிச்சயம், சேர்ந்தது அனுமானம் என்று கணக்கன் சொன்னதற்கு இது முழுப் பதில் இல்லை, ஆனால் போன கார்பனை யார் தலையில் எழுதுவது என்று கையெழுத்துப் போடும் முன்பே கேட்டு வைக்கிறார்களே.