டாரன்டுலா வளர்க்க சிங்கப்பூரில் அனுமதி தரலாமா?

எட்டுக்கால்_ரசிகன்:
முயல், வெள்ளெலி, துறவி நண்டு எல்லாம் இங்கே வளர்க்கலாம். டாரன்டுலா என்னும் பெரிய சிலந்தி மட்டும் கூடாது என்கிறது தேசியப் பூங்காக் கழகம். ஏன் என்றுதான் புரியவில்லை. வீவக அடுக்குமாடி வீட்டுக்கு இதைவிடத் தோதான பிராணி உண்டா? குரைக்காது, நாறாது. ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டி, உள்ளே தேங்காய் நார்த்தூள், ஒளிந்துகொள்ள ஒரு மரப்பட்டை, ஒரு புட்டி மூடியில் கொஞ்சம் தண்ணீர். வாரத்துக்கு ஒன்றிரண்டு சில்வண்டு, அரோவானா மீன் வளர்ப்பவர்கள் வாங்குகிற அதே சில்வண்டுதான். ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் கடையிலேயே விற்கிறார்கள்.

ஈசூன்வாசி:
கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அமெரிக்கக் கண்டத்து இனங்கள் பல பயந்தால் பின்னங்காலால் வயிற்று முடியை உதறிவிடும். அது கண்ணில் குத்தினால் மாதக்கணக்கில் அவதி. ஆசிய இனங்களுக்கு அந்த முடி கிடையாது, ஆனால் கடி மோசம். இந்தியா, இலங்கை மரங்களில் இருக்கும் போசிலோதீரியா வகை டாரன்டுலா கடித்து நாள்கணக்கில் தசைப்பிடிப்பால் துடித்தவர்கள் உண்டு. உங்கள் பெட்டியிலிருந்து தப்பினால் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் என்ன சொல்வீர்கள்?

எட்டுக்கால்_ரசிகன்:
போசிலோதீரியாவை யார் கேட்டார்கள்? மெக்சிகோ செம்முழங்கால் மாதிரி சாதுவான இரண்டு மூன்று இனம் போதும். அதையும் கையில் எடுத்து விளையாடக் கூடாது என்பதுதான் இந்தப் பழக்கத்தின் முதல் பாடம். கைதவறி இடுப்பு உயரத்திலிருந்து விழுந்தாலே வயிறு கிழிந்து செத்துவிடலாம். சட்டை உரிக்கும்போது மல்லாந்து கிடக்கும், செத்துப்போச்சு என்று புதியவர்கள் பதறுவார்கள். அப்போது தொடவும் கூடாது, இரை போடவும் கூடாது. சில்வண்டே அதைக் கடித்துக் குதறிவிடும்.

மீன்தொட்டி:
சில்வண்டு தப்பித்தால் ராத்திரி முழுக்கக் கத்தும். அதையும் சேர்த்துச் சொல்லுங்க அண்ணே.

ஈசூன்வாசி:
ஆயுளைப் பற்றி மூச்சே விடவில்லையே. செம்முழங்கால் பெண் இருபது வருஷத்துக்கு மேலேயும் இருக்கும். தேசிய சேவைக்குப் போகும் வயதில் ஆசைப்பட்டு வாங்குகிற தம்பி, கல்யாணமாகி புது பிடிஓ அடுக்குமாடி வீட்டுக்குப் போகும்போது அதையும் தூக்கிக்கொண்டா போவார்? பூமலை, அதாவது தாவரவியல் பூங்காவின் குளத்தில் போய்ப் பாருங்கள். சட்டப்படி விற்ற சிவப்புக்காது ஆமைகள்தான், அலுத்ததும் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள்.

அப்புறம், ஆந்திராவின் அந்த நீல டாரன்டுலாவை எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் போசிலோதீரியாதான். குத்தி என்ற ஊரில் கிடைத்ததை வைத்து 1899இல் பதிவானது. பிறகு 2001இல்தான் மறுபடி கண்டார்கள். இன்று அழிவின் விளிம்பில். அழகாக இருந்த பாவம், ஆள் ஆளுக்கு வேண்டும்.

எட்டுக்கால்_ரசிகன்:
அது வாழும் காடு விறகுக்கும் மரத்துக்கும் அழிகிறது, அதைச் சொல்ல மாட்டீர்கள். வெளிநாட்டு வளர்ப்பாளர்களிடம் இப்போது முட்டைப்பையிலிருந்தே நிறையக் குஞ்சுகள் கிடைக்கின்றன. போசிலோதீரியா முழுதும் 2019இலேயே சைட்டிஸ் பட்டியலில், அதாவது அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக உடன்படிக்கையின் பட்டியலில், சேர்ந்தாயிற்று. நம் ஊர்ப் பெயரையே வைத்திருக்கும் ‘சிங்கப்பூர் நீலம்’ டாரன்டுலாவை ஐரோப்பாக்காரன் வளர்க்கிறான், நமக்குத்தான் கொடுப்பினை இல்லை.

ஈசூன்வாசி:
இங்கே அனுமதித்தால் அதைத்தான் முதலில் காட்டுக்குள் போய்த் தேடுவார்கள். பிடித்து வந்ததா, பெட்டியில் பிறந்ததா என்று பார்த்ததும் சொல்ல முடியுமா?

எட்டுக்கால்_ரசிகன்:
ஆசிய அரோவானாவும் சைட்டிஸ் மீன்தான். உடம்புக்குள் அடையாளச் சிப் வைத்து, சான்றிதழ் கொடுத்து விற்கவில்லையா?

மீன்தொட்டி:
ஆமாம், என் மீனுக்கும் சிப் இருக்கிறது. ஆனால் பயறு அளவுக் குஞ்சுக்கு எங்கே வைப்பது? மேலே ஒட்டினாலும் சட்டையோடு உரிந்து போய்விடுமே.

எட்டுக்கால்_ரசிகன்:
அப்படியானால் குஞ்சுக்கு வேண்டாம், வளர்ப்பாளருக்கு உரிமம் கொடுங்கள். ஒரு முட்டைப்பையில் எத்தனை வந்தது, யாருக்கு விற்றார் என்று கணக்கு காட்டட்டும்.

ஈசூன்வாசி:
ஒரு பையில் நூற்றுக்கணக்கில் குஞ்சு வரும். முந்நூறு என்று எழுதிக் கொடுத்தால் நம்ப வேண்டியதுதான், இல்லையா? காட்டில் பிடித்த ஐம்பதையும் அந்தக் கணக்கிலேயே தள்ளிவிடலாம். இதற்கு வழி சொல்லுங்கள், மேலே பேசலாம்.