அறுவைக்குப் பின் 8 பிரிசம் டயாப்டர்: இது வெற்றியா?

கேள்வி:
நான்கு வயதாகும் என் மகனின் வலக்கண் மூக்குப் பக்கமாகத் திரும்பியிருந்தது. "மாறுகண் அதிர்ஷ்டம், கை வைக்காதீர்கள்" என்று உறவினர்கள் தடுத்தும், இரு கண்களின் உட்பக்கத் தசைகளைத் தளர்த்தும் அறுவைச் சிகிச்சையைச் செய்தோம். முன்பு கண்ணாடியுடனேயே 40 பிரிசம் டயாப்டராக (கண் விலகலை அளக்கும் அலகு) இருந்த விலகல், ஆறு வாரம் கழித்து 8 எனச் சீட்டில் எழுதப்பட்டுள்ளது. பூச்சியம் வராததால் சிகிச்சை தோற்றுவிட்டதா? கண்ணாடியையும், நல்ல கண்ணை மூடி ஒட்டும் பேட்சையும் இன்னும் தொடரச் சொல்வது ஏன்?

பதில் 1:
குழந்தைகளின் கண்களை நாள்தோறும் அளப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், சகோதரி: இது தோல்வி அன்று. நேர்நிலையிலிருந்து 10 பிரிசம் டயாப்டருக்குள் நின்றால் அதை வெற்றி என்றே பொதுவாகக் கணக்கிடுகிறோம். 8 என்பது ஏறத்தாழ நாலரைப் பாகைதான்.

ஆனால் அந்த எண் எப்படிக் கிடைத்தது என்று கேளுங்கள். டார்ச் வெளிச்சம் கருவிழியில் விழும் இடத்தைப் பார்த்து மதிப்பிடுவது தோராயமானது. அதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலே சுமார் ஏழு பாகை மாறிவிடும். கண்களை மாற்றி மாற்றி மூடி, திறக்கும் கண்ணின் அசைவு நிற்கும்வரை பிரிசத்தை (ஒளியைத் திருப்பும் ஆப்பு வடிவக் கண்ணாடி) கூட்டிக்கொண்டே போவதுதான் நம்பத்தக்க முறை. அப்போதும் குழந்தை விளக்கைப் பார்க்காமல், உற்றுப் பார்த்தாக வேண்டிய சிறு படத்தைப் பார்க்க வேண்டும். உற்றுப் பார்க்கும்போதுதான் உள்நோக்கிய விலகல் முழுமையாக வெளிப்படும். தொலைவிலும் அருகிலும் தனித்தனியே அளக்க வேண்டும்.

அறுவை கண்ணின் நிலையைத்தான் திருத்துகிறது. தூரப்பார்வைக் குறைக்கு (அருகிலுள்ளதைத் தெளிவாகக் காணக் கண் கூடுதலாக முயல வேண்டிய நிலை) உரிய கண்ணாடியைக் கழற்றினால், கண் குவியத்துக்காகத் திணறி மீண்டும் உள்ளே திரும்பும். மங்கலான கண்ணுக்குப் பார்வையைப் பழக்குவது பேட்சின் வேலை.

பதில் 2:
என் மகளுக்கு மூன்று வயதில் இதே அறுவை நடந்தது. கண்கள் நேராகத் தெரிந்த மகிழ்ச்சியில் நாங்களே பேட்சை நிறுத்திவிட்டோம்; சில மாதங்களில் அவளது மங்கலான கண்ணின் பார்வை 6/9-இலிருந்து 6/18-க்கு (6/6 இயல்பு; கீழ் எண் கூடக் கூடப் பார்வை குறைவு) இறங்கியது. மறுபடி ஒட்ட வைக்க நாள்தோறும் போராட வேண்டியிருந்தது. தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. சென்ற முறை தனிக் கண்ணாடி அணிவித்து, பெரிய ஈயின் படத்தைக் காட்டி, இறக்கையைப் பிடிக்கச் சொன்னார்கள். அவன் தாளில் விரலை அழுத்தித் தேய்த்தான். அது எதற்கென்று அப்போது புரியவில்லை.

பதில் 1:
இரு கண்களும் சேர்ந்து ஆழத்தை உணர்கின்றனவா என்று அறியும் சோதனை அது. உணரும் குழந்தை, தாளுக்கு மேலே வெறும் காற்றில் இறக்கையைக் கிள்ளப் பார்க்கும். ஒவ்வொரு வருகையிலும் அதைத் திரும்பச் செய்யச் சொல்லி, விலகல் அளவுடன் சேர்த்துக் குறித்து வாருங்கள்.