கலைச்சொல் தேவை: சொல்லின் தொனி மெட்டோடு ஒத்துப்போவதற்கு

கா. வ. (சென்னை):

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம். முதுகலை மொழியியல் பாடநூலுக்காகத் தொனிமொழிகள் (குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் சொல்லே மாறிவிடும் மொழிகள்) பற்றிய இயலை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். திங்கள்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ஓரிடத்தில் நின்றுவிட்டேன்.

ஹாங்காங்கில் பேசும் சீனமொழியான கான்டனீஸில் ஆறு தொனிகள். ‘சி’ என்ற அசையைத் தொனி மாற்றி மாற்றிச் சொன்னால் கவிதை, வரலாறு, முயல்தல், நேரம், சந்தை, ‘ஆகும்’ என ஆறு சொற்கள். ஹாங்காங் திரைப்பாட்டிலும் மெல்லிசையிலும் பெரும்பாலும் மெட்டுதான் முதலில் வரும். பாடலாசிரியர் செய்யும் வேலைக்கு ‘டின் சி’, அதாவது சொல் நிரப்புதல் என்றே பெயர். மெட்டு ஏறும் இடத்தில் தொனியும் ஏறவேண்டும், இறங்கினால் இறங்கவேண்டும். தவறினால் கேட்பவர் காதில் வேறு சொல் விழும். மேலைநாட்டு மெட்டை அப்படியே வைத்து மொழிபெயர்த்த கிறித்தவப் பாடல்களில் இந்தச் சிக்கல் பேர்போனது. ஆண்டவரைக் குறிக்கும் ‘ச்யூ’ ஏறுதொனிச் சொல். அதை உச்சத்தில் சமமாக நிறுத்திப் பாடினால் ‘பன்றி’ என்று கேட்கும்.

இந்த ஒத்துப்போதலை அவர்கள் ‘ஹிப் யம்’ என்கிறார்கள், பேச்சுவழக்கில் ‘ஙாம் யம்’. நான் இப்போதைக்கு ‘தொனிப்பொருத்தம்’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

புலவர் இரா. மு. (தஞ்சாவூர்):

அம்மா, இரண்டு பாதியும் எனக்கு உடன்பாடில்லை. தொனி என்பது த்வனி. அணியியல் படித்தவனுக்கு அது குறிப்புப்பொருள். ‘பாட்டில் தொனிப்பொருத்தம்’ என்றால் குறிப்புப்பொருள் பொருந்துவதாகத்தான் அவன் கொள்வான். பொருத்தம் என்றால் பாட்டியல் நூல்கள் (சிற்றிலக்கிய இலக்கண நூல்கள்) சொல்லும் பத்துப் பொருத்தம் முன்னால் வந்து நிற்கும். மங்கலம், சொல், எழுத்து, தானம் என்று அது வேறு கணக்கு.

நமக்குச் சொல்லா இல்லை? ‘எடுத்தல் படுத்தல் நலிதல்’ என்று நன்னூலே சொல்கிறது. குரலை உயர்த்துவது, தாழ்த்துவது, இரண்டுக்கும் நடுவே நிறுத்துவது. ‘எடுப்பிசைவு’ என்று வையுங்கள்.

செ. ப. (மதுரை):

புலவர் ஐயாவுக்கு வணக்கம். நான் இசை கற்பிப்பவள். எங்கள் வகுப்பில் எடுப்பு என்றால் பல்லவி. எடுப்பு, தொடுப்பு, முடிப்பு என்று கீர்த்தனையின் உறுப்புகளுக்கே அந்தப் பெயர்கள் போய்விட்டன. தாளத்தில் பாட்டுத் தொடங்கும் இடத்துக்கும் எடுப்பு என்றே பெயர். ‘எடுப்பிசைவு’ என்றால் என் மாணவர்கள் பல்லவியைத்தான் தேடுவார்கள். யாராவது ‘குரலிசைவு’ என்று கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்: குரல் ஏழிசையில் முதல் சுரத்தின் பெயர், அதுவும் வேண்டாம்.

‘மெட்டியைபு’ எப்படி?

த. கு. (கோலாலம்பூர்):

இங்கே சீனர்களிடையே கான்டனீஸ் அன்றாடப் பேச்சு. அக்கம்பக்கத்தில் கேட்டே வளர்ந்தவன் நான். சொல்லைத் தேடும் முன் வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்தால் நல்லது.

பாடலாசிரியர்கள் மெட்டை எண்களாகப் பாடிப் பார்ப்பார்கள். பூஜ்யம் ‘லிங்’, கீழே இறங்கும் தொனி. இரண்டு ‘யீ’, தாழ்ந்த சமம், அதாவது ஏறாமல் இறங்காமல் தாழ்வாக நிற்பது. நான்கு ‘செய்’, நடுச் சமம். மூன்று ‘சாம்’, உயர்ந்த சமம். 0, 2, 4, 3 என்று படிப்படியாக மேலே ஏறும். மெட்டை இந்த எண்களால் வாய்விட்டுப் பாடியதும் ஒவ்வோரிடத்துக்கும் எந்த உயரத்துச் சொல் வேண்டும் என்று தெரிந்துவிடும். ஹாங்காங்கின் சொந்தப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் அசை உயர்சமம். இரண்டாவது கீழிருந்து ஏறி அதே உயரத்தில் முடியும். ஆகவே ஒரே உயரமுள்ள இரண்டு சுரங்கள் அதற்குச் சுகமான இடம். ‘சாம்-லிங்’ என்று மெட்டு சரியும் இடத்தில் சொந்த ஊரின் பெயரை வைக்க முடியாது!

அப்புறம் இன்னொன்று. சீனாவின் பொதுமொழியான மாண்டரினும் தொனிமொழிதான். ஆனால் அங்கே இக்காலப் பாட்டில் தொனியைப் பெரும்பாலும் மெட்டுக்கு விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள். ஆகவே தொனிமொழி என்றாலே இந்தக் கட்டுப்பாடு உண்டு என்று தோன்றும்படி சொல் அமையக்கூடாது.

செ. ப. (மதுரை):

அருமை ஐயா! இது நம் தத்தகாரமேதான். இசையமைப்பாளர் ‘தன்னன்ன தானானா’ என்று கொடுக்க, பாடலாசிரியர் அதில் சொல்லை உட்கார வைக்கிறார். திருப்புகழின் சந்தக்குழிப்பும் (பாட்டின் சந்தத்தைத் ‘தன தான’ என்று குறித்துக்காட்டுவது) இப்படித்தான். ஒரே வேறுபாடு, நம் ‘தன’வும் ‘தான’வும் நீளத்தைச் சொல்லும், உயரத்தைச் சொல்லாது. அவர்கள் எண்ணில் உயரம் இருக்கிறது. நமக்குப் பொருள் கெடுவது நீளத்தில். ‘வரம்’ என்பதை நீட்டிப் பாடினால் ‘வாரம்’ ஆகிவிடும்.

புலவர் இரா. மு. (தஞ்சாவூர்):

அந்த நீட்சிக்குத் தொல்காப்பியர் வழிவிட்டிருக்கிறார். ‘அளபிறந்து உயிர்த்தலும் ஒற்றிசை நீடலும்’ இசையில் உண்டு என்பது அவர் நூலின் முதல் இயலான நூன்மரபின் கடைசி நூற்பா. தமிழ் இசைக்காக எழுத்தின் அளவை விட்டுக்கொடுக்கும். கான்டனீஸ் தன் தொனியை விட்டுக்கொடுக்காது. இந்த ஒப்பீடு பாடநூலில் வந்தால் மாணவனுக்கு உடனே பிடிபடும்.

‘மெட்டியைபு’ ஆகாது. இயைபு ஒரு தொடை. அடிதோறும் ஈறு ஒத்து வருவது. பாட்டைப் பற்றிப் பேசும்போதே அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் கொடுக்கலாமா?

‘ஙாம் யம்’ என்பதைப் பார்த்ததும் மகிழ்ச்சி. ஙகரம் மொழிக்கு முதலில் வருவது நமக்கு எவ்வளவு அரிது! ‘அங்ஙனம்’, ‘இங்ஙனம்’ என்பவற்றில் வரும் ‘ஙனம்’ ஒன்றை வைத்துத்தான் நன்னூலார் அதற்கு இடம் கொடுத்தார். ஔவையும் ‘ஙப் போல் வளை’ என்று எழுத்தையே காட்டவேண்டி வந்தது. அந்தச் சொல்லை அப்படியே தமிழ் எழுத்தில் நூலில் கொடுங்கள்.

கா. வ. (சென்னை):

எல்லாருக்கும் நன்றி. இயைபு வேண்டாம் என்பதில் புலவர் ஐயா சொல்வது சரி. எடுப்பு பல்லவியோடு மோதுகிறது. ‘இசைவு’ என்ற பாதியை யாரும் மறுக்கவில்லை. இசை என்ற வேரும் அதில் இருக்கிறது, உடன்படுதலும் இருக்கிறது. நூலின் மற்ற இயல்களில் ‘தொனிமொழி’ ஏற்கெனவே நிலைத்துவிட்டது. இங்கே மட்டும் வேறு சொல் போட்டால் மாணவர்கள் இரண்டையும் வெவ்வேறு கருத்தாக எடுத்துக்கொள்வார்கள். ஆகவே ‘தொனியிசைவு’ என்று வைக்கிறேன். எண் முறையையும் தத்தகாரத்தையும் பக்கத்தில் பெட்டிச்செய்தியாகச் சேர்க்கிறேன்.

த. கு. (கோலாலம்பூர்): எனக்குச் சரி.

செ. ப. (மதுரை): எனக்கும். மெட்டு என்ற சொல் உள்ளே வராததுதான் குறை. ‘மெட்டுத் தொனியிசைவு’ நீளம் என்பீர்கள், விட்டுவிடுகிறேன்.

புலவர் இரா. மு. (தஞ்சாவூர்):

அச்சுக்கு நேரமாகிவிட்டது என்பதால் ஒதுங்கிக்கொள்கிறேன், உடன்பட்டு அல்ல. தொனி இரண்டு பொருளில் நடமாடும் வரை மாணவன் தடுமாறுவான். ‘ஒலிநிலையிசைவு’ என்று வைத்திருந்தால் பல்லவியும் வராது, த்வனியும் வராது. சொல்லடைவில் அடைப்புக்குறிக்குள்ளாவது அதைக் கொடுங்கள். மறுபதிப்பு வரும்போது மீண்டும் பேசுவோம்.