புது டிராக்டர் எடுத்தாச்சு, பிசான நெல் போகத்துக்குள் என்ன வாங்க வேண்டும்?

கன்னடியன்கால் தம்பி:

அண்ணாச்சிமார்களுக்கு வணக்கம். எட்டு வருஷம் சார்ஜாவில் ஏசி வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டேன். வீரவநல்லூர்ப் பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனம். அப்பாவுடையது மூன்றரை ஏக்கர், பாட்டத்துக்கு எடுத்தது இன்னும் நாலு. போன வாரம் லோன் போட்டு 45 எச்.பி. வண்டி ஒன்று எடுத்தேன். டூ வீல் டிரைவ்தான்.

வண்டியோடு டாப் லிங்க் (கலப்பையை மேலே பிடிக்கும் கம்பி) ஒன்றும், ஒரு டப்பாவில் நாலு பானா (ஸ்பேனர்), ஒரு திருப்புளியும் தந்தார்கள். அப்புறம் ஷோரூமில் ஒரு பட்டியல் நீட்டினார்கள். மண்ணைச் சுழன்று பொடியாக்கும் ரோட்டாவேட்டர், ஒன்பது கொத்துக் கலப்பை, வட்டத் தட்டு வைத்த சட்டிக் கலப்பை, டிப்பர், பம்பர், பின்சக்கரத்துக்கு வெயிட், பாட்டுப் பெட்டி. கூட்டிப் பார்த்தால் வண்டி விலையில் பாதியைத் தொடுகிறது. என் கையில் ஒன்றரை லட்சம்தான் மிச்சம். பிசானத்துக்குத் தண்ணீர் திறக்க ஒரு மாதம்கூட இல்லை.

எதை முதலில் வாங்க, எதைத் தள்ளிப்போட? அப்பாவைக் கேட்டால் "மாடு வச்சு உழுதப்ப ஒரு சாட்டைக்கம்புதான் வாங்கினேன்" என்கிறார்.

சேரன்மகாதேவி பழைய டிரைவர்:

தம்பி, பட்டியலில் பாட்டுப் பெட்டியை முதலில் அடித்துவிடுங்கள். புது வண்டிக்காரன் கேட்க வேண்டியது வண்டிச் சத்தத்தை. பேரிங் போகப் போகிறதென்றால் ஒரு வாரம் முன்னாலேயே அது சொல்லிவிடும், நாம் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தால் காதில் விழாது.

பெரிய சாமான்களைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள். நான் சின்னதிலிருந்து வருகிறேன். நாளைக்கே ஒரு டஜன் லாக் பின் வாங்குங்கள். கலப்பையை லிங்க்கில் மாட்டிய பிறகு குறுக்கே சொருகுகிறோமே, வளையம் வைத்த அந்தக் குட்டிப் பின்தான். டீக்கடைச் செலவுக்குள் வாங்கிவிடலாம். 2011 பிசானத்தில் தொளியில் (நடவுக்கு உழுது கலக்கிய சேற்றில்) ஒரு பின் விழுந்துவிட்டது. முழங்கால் சேற்றில் தேடினால் கிடைக்கவா போகிறது? நாலு இஞ்ச் ஆணியை வளைத்துச் சொருகிக்கொண்டு வேலையை முடித்தேன். இருட்டுகிற நேரம் தார் ரோட்டில் வீட்டுக்குத் திரும்பும்போது ஆணி நிமிர்ந்து, லிங்க் கழன்று, தூக்கி வைத்திருந்த கலப்பை ஒரு பக்கமாகத் திரும்பிப் பின் டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டது. அந்தப் போகம் முழுக்கக் கூலிக்கு உழுது சம்பாதித்தது டயர் கடைக்குப் போனது. அன்றிலிருந்து பின்களுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து, ஒவ்வொன்றையும் நைலான் கயிற்றில் கட்டி லிங்க்கோடு தொங்கவிடுகிறேன். என் மகன் சிரிப்பான். சிரிக்கட்டும்.

அடுத்தது கிரீஸ் கன். ஓசி வாங்கிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், சொந்தமாக வேண்டும். தொளி அடிக்கும்போது முன் அச்சும் முன்சக்கர பேரிங்கும் தண்ணீரிலேயே கிடக்கும். சாயங்காலம் வண்டியைக் கழுவி, கிரீஸ் ஏற்றும் நிப்பிளைத் துணியால் துடைத்து, பழைய கிரீஸ் சேற்றோடு பிதுங்கி வெளியே வரும்வரை அடிக்க வேண்டும். துடைக்காமல் அடித்தால் சேற்றையும் சேர்த்து நாமே உள்ளே தள்ளுகிறோம்.

பானா விஷயம்: வண்டியோடு வந்த நாலும் ஆகாது. நல்ல ரிங் பானா செட் ஒன்று, வீல் நட்டுக்கு நீளக் கைப்பிடி வைத்த பானா, ஐந்து டன் ஜாக்கி, ஜாக்கிக்கு அடியில் போட ஒன்றரை அடிப் பலகை. பலகை இல்லாவிட்டால் நம் மண்ணில் வண்டி ஏறாது, ஜாக்கிதான் இறங்கும்.

இனி பெரிய சாமான். வயலுக்குக் கேஜ் வீலும் (சேற்றில் ஓட மாட்டும் இரும்புச் சக்கரம்) ஒன்பது கொத்தும் இருந்தால் இந்தப் பிசானத்தைத் தாட்டிவிடலாம். கடைசியில் சேற்றைச் சமப்படுத்தப் பரம்பு இழுத்து விடுங்கள். ரோட்டாவேட்டரை இந்த ஒரு போகம் வாடகைக்குக் கூப்பிடுங்கள். அதற்குள் உழவன் செயலியில் மானியத்துக்குப் பதிந்து வையுங்கள். சிறு, குறு விவசாயி, பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர் என்றால் 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40, இரண்டுக்கும் உச்சவரம்பு உண்டு. அனுமதி வருமுன் வாங்கிவிட்டுப் பில்லைத் தூக்கிக்கொண்டு போனால் ஒன்றும் கிடைக்காது. சட்டிக் கலப்பை உங்கள் வயலுக்கு இப்போது வேண்டாம். வெயிட்டும் வேண்டாம். தொளியில் கனம் கூடினால் வண்டி புதையும், அவ்வளவுதான்.

புதைந்தால் இழுக்க நல்ல சங்கிலி ஒன்று வைத்திருங்கள். இன்னொரு வண்டியை நீங்கள் இழுக்கப் போனால் கீழே உள்ள இழுவைக் கம்பியான டிராபாரில் மட்டும் மாட்டுங்கள். டாப் லிங்க் இருக்கும் உயரத்தில் மாட்டி இழுத்தால் முன்பக்கம் தூக்கி வண்டி நம் மேலேயே மல்லாந்துவிடும். எட்டிக் குதிக்க நேரம் இருக்காது.

கடைசியாக ஒன்று, இது எந்தக் கடையிலும் கிடைக்காது. பி.டி.ஓ. ஷாப்ட் (ரோட்டாவேட்டர் போன்றவற்றைச் சுற்றவைக்க வண்டியின் பின்னால் உள்ள தண்டு) சுற்றும்போது சாரம் (லுங்கி) கட்டிக்கொண்டு பக்கத்தில் போகாதீர்கள், தோளில் துண்டும் கூடாது. நிமிஷத்துக்கு 540 சுற்று, அதாவது ஒரு நொடிக்கு ஒன்பது. என் சாரத்தின் ஓரத்தை ஒரு தடவை பிடித்தது. பழைய சாரம், கிழிந்து போனது, நான் பிழைத்தேன். புதுச் சாரமாக இருந்திருந்தால் இன்று இதை எழுத ஆள் இல்லை. ஷாப்ட்டின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றிப் போடாமல் இருங்கள். வயலுக்கு அரைக்கால் டவுசர் போதும்.

சங்கரன்கோவில் கரிசல்காரி:

அண்ணாச்சி சொன்னதெல்லாம் ஆற்றுப் பாசனக்காரர்களுக்கு. எங்களுக்கு மழை பெய்தால்தான் உழவு. அவர் வேண்டாம் என்ற வெயிட் எங்களுக்கு வேண்டும். காய்ந்த கரிசலில் ஐந்து கொத்தை ஆழமாக இறக்கினால் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். நாங்கள் பின் டயரில் முக்கால் வாசி தண்ணீர் ஏற்றியிருக்கிறோம். வால்வு மேலே இருக்கும்படி நிறுத்தி ஏற்ற வேண்டும்.

தம்பி, நான் சொல்ல வந்தது முள். நீங்கள் ஓடைக்கரை, குளத்துக்கரை வழியாகத்தான் வண்டியைக் கொண்டுபோவீர்கள். வேலிக்கருவை முள் முன் டயரை ஒரு வாரத்தில் பதம் பார்த்துவிடும். வீட்டுக்காரர் வெளியூரில், வண்டி என் பொறுப்பு. முதல் வருஷம் பஞ்சர் கடைக்காரருக்குப் போன் போட்டு வெயிலில் ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். இப்போது முன் டயருக்கு ஒரு டியூப், டயர் லீவர் இரண்டு, காற்று அடிக்க ஒரு பம்பு, காற்று அளக்க ஒரு கேஜ் எல்லாம் சீட்டுக்குப் பின்னால் பெட்டியில் இருக்கிறது. பின் டயரை மட்டும் என்னால் கழற்ற முடியாது, அதற்கு ஆள்தான்.

டிரெய்லர் வாங்கும் காலத்தில் பின்னால் சிவப்பு ரிப்ளெக்டர் ஒட்டாமல் ராத்திரி ரோட்டில் இறக்காதீர்கள். வைக்கோல் பாரம் ஏற்றினால் பின் லைட்டும் மறைந்துவிடும். ரோட்டில் போகும்போது பின்சக்கரத்துக்கு ஒன்றாக இருக்கும் இரண்டு பிரேக் பெடலையும் கொண்டி போட்டு இணைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி சுழன்றுவிடும்.

முக்கூடல் ஒர்க்‌ஷாப்:

டீசல் பில்டர் ஒரு செட், பேன் பெல்ட் ஒன்று, பியூஸ் நாலைந்து கையிருப்பில் வையுங்கள். ராத்திரி நிறுத்தும்போது டேங்கை நிரப்பி நிறுத்துங்கள், காலி டேங்கில் குளிருக்கு நீர் கோர்க்கும். டீசல் தீர்ந்து வண்டி நின்றால் ஊற்றியதும் செல்ப் அடித்து அடித்து பேட்டரியைக் கொல்லாதீர்கள். பில்டர் மேலே உள்ள ஸ்குரூவை லேசாகத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, நுரை நின்று டீசல் மட்டும் வரும்போது இறுக்குங்கள். அதற்கும் ஒரு பானா வேண்டும், அளவைப் பார்த்து வாங்குங்கள்.

அறுப்புக் காலத்தில் ரேடியேட்டர் முன்வலையில் தூசியும் சண்டும் (வைக்கோல் தூள்) அடைக்கும். ஒரு பழைய பெயின்ட் பிரஷ் போதும். என்னிடம் வரும் சூடான வண்டிகளில் பாதி இந்தக் கேஸ்தான். புத்தகத்தில் போட்டிருக்கும் மணிக்கணக்குப்படி முதல் சர்வீஸை விட்டுவிடாதீர்கள், பெரும்பாலும் 50 மணி.

கன்னடியன்கால் தம்பி:

எல்லாருக்கும் நன்றி. லாக் பின் ஒரு டஜன், கிரீஸ் கன், ரிங் செட், ஜாக்கி வாங்கியாச்சு. பலகை வீட்டிலேயே கிடந்தது, பழைய கதவு. அக்கா சொன்ன பம்பும் வாங்கினேன். ஒன்பது கொத்துக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறேன். அப்பா பின்களுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறார், யாரும் சொல்லாமலே. ஒரு சந்தேகம்: கேஜ் வீல் டயரைக் கழற்றிவிட்டு மாட்டுவதா, டயரோடு சேர்த்து மாட்டுவதா? மாட்டியபடியே ரோட்டில் போகலாமா?

சேரன்மகாதேவி பழைய டிரைவர்:

டயரோடு சேர்த்து மாட்டுகிற அரைக் கேஜ் வாங்குங்கள். உங்கள் வயலுக்கு அது போதும். இடது வேறு, வலது வேறு, பட்டைகளின் சாய்வைப் பார்த்து மாட்ட வேண்டும். மாற்றி மாட்டினால் சேற்றைத் தள்ளாமல் அள்ளிக்கொண்டு வரும். தார் ரோட்டில் அதோடு ஏறக் கூடாது, ரோடும் போகும், கேஜும் போகும். வயல் வரப்பில் வைத்தே மாட்டி அங்கேயே கழற்றுங்கள். முதல் நாள் மாட்டும்போது ஒரு வார்த்தை சொல்லுங்கள், காலை ஆறு மணிக்கு வந்துவிடுகிறேன். காப்பி மட்டும் உங்கள் வீட்டில்.