பெர்னார்ட் கார்ன்வெல்லின் ஸ்ரீரங்கப்பட்டண நாவலை வரலாறாகக் கொள்ளலாமா?

ஊத்தங்கரை ஆசிரியர்:
வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மேல்நிலை வகுப்புகளுக்கு வரலாறு கற்பிக்கிறேன். நான்காம் மைசூர்ப் போரைப் பற்றி பெர்னார்ட் கார்ன்வெல் எழுதிய ‘ஷார்ப்ஸ் டைகர்’ என்னும் ஆங்கில நாவலைப் படித்த மாணவி ஒருத்தி, திப்பு சுல்தானைக் கொன்றவன் ஷார்ப் என்ற சிப்பாய்தானா என்று கேட்டாள். இந்த எழுத்தாளர் யார், அவர் எழுதுவதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பாரமகால் வாசகன்:
ஐயா, ஷார்ப் முழுக்கக் கற்பனை. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டையின் நீர்வாயில் அருகே திப்பு வீழ்ந்தார். அவரைச் சுட்டவன் யார் என்பது கடைசிவரை உறுதிப்படவில்லை. வரலாறு பெயர் சொல்லாமல் விட்ட அந்த இடத்தில்தான் கார்ன்வெல் தம் நாயகனை நிறுத்துகிறார். நாவலின் இறுதியில் வரும் வரலாற்றுக் குறிப்பில், எது நடந்தது, எது தாம் சேர்த்தது என்பதை அவரே பிரித்துச் சொல்லிவிடுகிறார். மாணவியை அந்தப் பக்கங்களை முதலில் படிக்கச் சொல்லுங்கள்.

தருமபுரி நூலகப் பிரியர்:
கார்ன்வெல் 1944இல் லண்டனில் பிறந்து, எசெக்ஸில் கடுமையான சமயக் கட்டுப்பாடுடைய ஒரு குடும்பத்தில் தத்துப் பிள்ளையாக வளர்ந்தவர். பிபிசி தொலைக்காட்சியில் பணியாற்றிய பின், அமெரிக்கப் பெண் ஒருவரை மணப்பதற்காக அமெரிக்காவில் குடியேறியபோது வேலை செய்ய அனுமதி கிடைக்காததால், அனுமதி தேவைப்படாத எழுத்துத் தொழிலில் இறங்கினார். 1981இல் முதல் ஷார்ப் நாவல் வெளிவந்தது. இந்தியாவில் நடக்கும் ‘ஷார்ப்ஸ் டைகர்’ 1997இல்தான் வந்தது.

நம் சரித்திர நாவல்களில் பெரும்பாலும் இளவரசர்களும் படைத்தலைவர்களும் நாயகர்களாக வருவார்கள். இவருடைய நாயகனோ பிரிட்டிஷ் ராணுவத்தின் 33ஆம் படைப்பிரிவின் கடைநிலைச் சிப்பாய். அவனுக்கு 2,000 கசையடி விதிக்கப்படுகிறது. தோலை உரித்தெடுக்கும் அந்தத் தண்டனையை நிறைவேற்றுபவர்கள் முரசடிக்கும் சிறுவர்கள். கிழக்கிந்தியக் கும்பெனிப் போரின் உண்மை முகத்தை எனக்குக் காட்டியது அந்த அத்தியாயமே.

ராயக்கோட்டைக்காரன்:
மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் ஒரு குறை உண்டு. கதை 1799 மார்ச் இறுதியில் நடந்த மளவள்ளிப் போரை ஒட்டித் தொடங்குவதால், அதற்கு முன் வேலூரிலிருந்து புறப்பட்ட ஆங்கிலேயத் தளபதி ஜெனரல் ஹாரிஸின் படை பாரமகால் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதி) வழியாக வந்து, 1799 மார்ச் தொடக்கத்தில் ராயக்கோட்டை, கெலமங்கலம் பக்கம் முகாமிட்டு மைசூர் எல்லையைக் கடந்த பகுதி நாவலில் இடம்பெறவில்லை. பல்லாயிரம் பொதிமாடுகளுக்குத் தீவனம் போதாமல் அவை வழியிலேயே மடிந்ததும், திப்புவுடன் செய்த 1792 உடன்படிக்கையால் பாரமகால் ஏற்கெனவே கும்பெனியின் கைக்குப் போயிருந்ததும் தெரிந்தால்தான், அவ்வளவு பெரிய படை ஸ்ரீரங்கப்பட்டணம் வரை எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பது மாணவர்களுக்கு விளங்கும். மூன்றாம் மைசூர்ப் போரின்போது, 1791 நவம்பரில் ஆங்கிலேயத் தளபதி மேக்ஸ்வெல்லின் படை கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைத் தாக்கித் தோற்றுத் திரும்பியதையும் அதே பாடத்தில் சேர்த்துச் சொல்லுங்கள், ஐயா.